எலும்போரத்தில் ரத்தம்

செம்பூரில் ஒரு ஹோட்டலில் கரி அடுப்பில் கோழி சுடுபவள் சஃப்ரீன். தாராவியில் அவள் வீட்டுப் பக்கத்து இளைஞர் சங்கம் உணவு விழா நடத்தப் போவதாகச் சொன்னதும், சங்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கற்றுத்தர ஒப்புக்கொண்டாள். அவர்களில் அவள் தங்கை மெஹக்கும் ஒருத்தி. சங்கத் தலைவன் பைசான், மெஹக்குக்கு நிச்சயமான மாப்பிள்ளையின் தம்பி.

பச்சைக் கறி வைத்த தட்டில் சுட்டதை வைக்கக் கூடாது, மேலே கருகிவிட்டால் வெந்ததென்று எடுத்துவிடக் கூடாது, எலும்போரம் கீறிப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்கா முறையில் அவளை லாத்தா என்று கூப்பிடும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். ஆனால் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

விழாவன்று நினைத்ததைவிடக் கூட்டம். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போடவும் பைசான் இடுக்கியை எடுத்தான்.

"எடுக்காதல. எலும்புகிட்ட இன்னும் ரத்தமா இருக்கு" என்றாள் சஃப்ரீன்.

"பப்ளிக் கத்துது லாத்தா. மேல நல்லா செவந்துட்டுல்லா, சலேகா, இது போதும்."

சஃப்ரீன் இடுக்கியைப் பிடுங்கி, அவன் எடுத்த துண்டுகளை மறுபடி அடுப்பில் போட்டாள். மெஹக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கரி எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது அடுப்புக் கம்பி காலியாக இருந்தது. எல்லோரும் தின்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் பல வீடுகளில் வாந்தி, வயிற்றுப்போக்கு. பக்கத்துச் சந்து சைனப்பின் மகளுக்கு ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் சங்கத்தில் ஆட்கள் கூடினார்கள்.

"லாத்தா சொல்லிக்குடுத்த மாதிரிதான் செஞ்சோம்" என்றான் பைசான், அவள் முகத்தைப் பார்த்தே.

சஃப்ரீன் தங்கையிடம் திரும்பினாள். "நீ அங்கதான நின்ன? யாரு எடுத்தா, சொல்லு."

"நான் கவனிக்கல லாத்தா."

மற்ற பிள்ளைகளும் வாயைத் திறக்கவில்லை. சைனப் எழுந்து வந்தாள். "தெரியாத வேலைய எதுக்கு சொல்லிக்குடுக்க வந்த? எம்புள்ள செத்திருந்தா?"

சஃப்ரீன் பேச வாயெடுத்தாள். உம்மா அவள் கையை அழுத்திப் பிடித்தாள்.

"அந்த வீட்டுலதான் இவ வாழப் போறா. பேசிக் கெடுத்துராத" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

மெஹக் அழுதாள். "நிக்காஹ் முடியட்டும் லாத்தா. அப்புறம் நானே எல்லார்ட்டயும் சொல்லுதேன்."

நிக்காஹ் முடிந்தது. தேறி வந்த மகளைச் சைனப், சஃப்ரீன் எதிரே வந்தால் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். சங்கத்துப் பிள்ளைகள் சலாம் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். மெஹக் வந்து போகும்போதெல்லாம் கொழுந்தனைப் பற்றி நல்லவிதமாகவே பேசுகிறாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் சஃப்ரீன் கேட்டே விட்டாள்.

"எப்பதான் சொல்லப் போற?"

"அதெல்லாம் இப்ப யாரு ஞாபகம் வெச்சிருக்கா?" என்றாள் மெஹக். "நீதான் லாத்தா இன்னும் பிடிச்சிட்டுத் தொங்குத."