கதவுக்கு அப்பால் கேட்காத சுவிட்ச்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று சிரிக்காதீர்கள். நான் சொல்வது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று என் அக்காவிடம் நான் சொன்ன பொய்யை. [நீளமானதல்ல. இரண்டே வாக்கியம். அதில் ஒன்று உண்மையாகக்கூட இருக்கலாம்.]

நான் வேற்றுமொழிப் படங்களுக்கும் தொடர்களுக்கும் சப்டைட்டில் எழுதுபவன். அடுத்தவர் பேசுவதைக் கேட்டு, சுருக்கி, திரையின் அடியில் இரண்டு வரியில் வைப்பது என் பிழைப்பு. என் சொந்தப் பேச்சை எழுதிப் பழக்கமில்லை. ஆகவே தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நழுவினால் மட்டும் பொறுக்காதீர்கள்.

2

முதல் வரிக்காக ஆறு நாள் மல்லுக்கட்டினேன். கைவிட்டவற்றில் சில:

‘நல்ல கீபோர்டு வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் விரல்களை—’ (கட்டுரை வாடை அடிக்கிறது.)

‘அம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் அவள் கட்டிலை—’ (அழவைக்கப் பார்க்கிறது. எனக்கு அந்த உரிமை இல்லை.)

‘அந்தக் கடையில் ஒன்பது சுவிட்சுகள் பதித்த ஒரு சின்னப் பலகை இருந்தது.’ (இது நடந்தது. இங்கிருந்தே போகலாம்.)

3

அந்தக் கடையில் ஒன்பது சுவிட்சுகள் பதித்த ஒரு சின்னப் பலகை இருந்தது. கடை என்றதும் கண்ணாடி வைத்த ஷோரூமை நினைக்க வேண்டாம். லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. ஒரு பக்கம் ஈயம் பற்றவைக்கும் மேஜை, இன்னொரு பக்கம் கூரைவரை அட்டைப்பெட்டிகள். நடுவில் மூன்று பேர் நின்றால் முழங்கை இடிக்கும். கடைக்காரர் கீபோர்டுகளைத் தன் கையாலேயே பொருத்திக் கொடுப்பவர், ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் நாம் கேட்கும் வகை சுவிட்சை வைத்து. வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார்.

“அவசரமே படாதீங்க,” என்றார். “கண்ணால பாத்து வாங்கற சாமான் இல்ல இது. விரலுக்குப் பிடிக்கணும். அப்புறம் காதுக்குப் பிடிக்கணும்.”

“காதுதான் முக்கியம் சார்,” என்றாள் அக்கா. “அதுவும் இவன் காது இல்ல. பக்கத்து ரூம்ல படுத்திருக்கறவங்க காது.”

பக்கத்து அறையில் படுத்திருந்தது அம்மா. போன வருடம் பக்கவாதம் வந்து இடது பக்கம் பாதி போய்விட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, கூடவே ஒரு ஆள் நின்றால், கழிவறை வரை நடப்பாள். வீட்டில் நானும் அவளும் மட்டும். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். வந்த ஒவ்வொரு முறையும் அவள் கண்டுபிடித்தது ஒன்றுதான்: என் கீபோர்டு சத்தத்தில் அம்மா பகலில் கண்ணை மூடுவதே இல்லை.

கடைக்காரர் பலகையை எங்கள் பக்கம் தள்ளினார். முதலில் நீலம். அழுத்தினால் ‘டிக்’, விட்டால் இன்னொரு ‘டிக்’.

“இதான் சார் வீட்ல வச்சிருக்கான். நாள் பூரா யாரோ வேர்க்கடலை உடைக்கற மாதிரி இருக்கும்.”

அடுத்தது பழுப்பு. பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதற்கடுத்தது சிவப்பு. மேடு பள்ளம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், ஆனால் அடியில் போய் இடிக்கும். கடைசியில் வெளிர் ஊதா. உள்ளே ரப்பர்த் துண்டு வைத்தது. அழுத்தியபோது, அழுத்தினேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

“ஒரு சுவிட்ச வச்சு முடிவு பண்ணாதீங்க,” என்ற கடைக்காரர், ஒவ்வொரு வகையிலும் முழுதாகப் பொருத்திய கீபோர்டுகளை எடுத்து வைத்தார். அக்கா தன் பையை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே மாடிப்படிப் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“அடிடா!”

நீலம் அடித்தேன்.

“கேக்குது!”

பழுப்பு.

“கேக்குது!”

சிவப்பு.

“கொஞ்சமா கேக்குது!”

ஊதாவை எடுத்தேன். கைக்கு வந்ததை அடித்தேன், அரைப் பக்கம் இருக்கும். வெளியிலிருந்து குரலே இல்லை. பிறகு கதவு திறந்தது. அக்கா தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

“என்னடா, இருக்கியா? ஆரம்பிக்கவே இல்லையா?”

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“இதான் சார். இதையே கட்டிக் குடுங்க. என் தம்பிக்கு நான் வாங்கித் தரேன்.”

4

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. அக்கா கதவுக்கு வெளியே நின்றது, சத்தம் வராததால் நான் இருக்கிறேனா என்று எட்டிப் பார்த்தது: இதெல்லாம் பின்னால் வருவதற்குத் தோதாக நான் கோத்துவிட்டது போலத் தோன்றும். எனக்கே தோன்றியது. அந்த இடத்தை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். எடுத்ததும் கதை எனக்குச் சாதகமாகச் சாய்ந்தது. எதிர்பாராமல் நடந்துவிட்டது, யாருக்கும் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை என்பது போல. திரும்பவும் சேர்த்துவிட்டேன். சத்தம் நின்றால் ஒரு ஆள் என்ன நினைப்பார் என்பது அன்று பகல் பன்னிரண்டு மணிக்கே என் கண் முன்னால் நடந்தது.)

5

அம்மாவை எழுத வரவில்லை. எழுத எழுத ரொம்ப நல்லவளாக ஆகிவிடுகிறாள். ‘வலியையெல்லாம் புன்னகையால்—’ என்று ஒரு வாக்கியம் தொடங்கி, வெட்கப்பட்டு நிறுத்தினேன். அம்மா அப்படியெல்லாம் இல்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்குப் ‘போலீஸ்காரி’ என்று பெயர் வைத்திருந்தாள். தண்ணீர் சூடு போதாது என்று டம்ளரைத் தட்டிவிடுவாள்.

முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். உடம்பில் எது போனாலும் காது போகவில்லை. என் கீபோர்டு ஓடிக்கொண்டிருக்கும்வரை பேசாமல் படுத்திருப்பாள். நான் ஒரு சொல்லுக்காக யோசித்து நிறுத்தினால் போதும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

“என்ன, நின்னுபோச்சு?”

“யோசிக்கறேம்மா.”

“யோசி, யோசி. அப்படியே எழுந்து டீ போட்டா இன்னும் நல்லா யோசனை வரும்.”

அக்காவுக்கு இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவள் வரும்போது நான் வேலையை அவசரமாக முடிப்பேன், நிறுத்தாமல் அடிப்பேன். அம்மா கண்ணை மூடாதது சத்தத்தால் அல்ல, அது எப்போது நிற்கும் என்று பார்த்திருப்பதால் என்று நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். கடைக்குப் போகும் வழியிலாவது சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. எனக்கும் அந்தச் சத்தமில்லாத கீபோர்டு வேண்டியிருந்தது. நான் எப்போது வேலை செய்கிறேன், எப்போது சும்மா இருக்கிறேன் என்று சுவருக்கு அப்பால் ஒரு காது கணக்கு வைத்திருப்பது எனக்கு அலுத்துப்போயிருந்தது.

6

அம்மா விழுந்த நாளை முதலில் இப்படி எழுதினேன்:

‘புதுக் கீபோர்டு வந்த பதினோராம் நாள். காலை பதினொன்றரை இருக்கும். அவன் ஹெட்போன் போட்டு வேலையில் மூழ்கியிருந்தான். கீபோர்டின் சத்தமே கேட்காததால் மகன் வெளியே போய்விட்டான் என்று அம்மா நினைத்தாள். தானாகவே எழுந்தாள். வாக்கர் சறுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டி, பத்தொன்பதாம் நாள்—’

நல்ல நடைதான். [‘நான்’ என்பது எப்போது ‘அவன்’ ஆனது என்று கவனித்தீர்களா?]

வராந்தாவில் அக்காவிடம் சொன்னதும் இதுதான்.

“எனக்கு ஒண்ணுமே கேக்கலக்கா. கீபோர்டு சத்தம் இல்லாததால நான் வீட்ல இல்லன்னு நெனச்சு எழுந்திருக்காங்க போல.”

அக்கா சுவரில் சாய்ந்தாள். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து, “நான்தானடா வாங்கிக் குடுத்தேன்,” என்றாள்.

‘இல்லக்கா’ என்று நான் சொல்லவில்லை.

7

நடந்தது இது.

ஹெட்போனின் வலது பக்கத்தை எப்போதும் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்திருப்பேன், அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று. அன்றும் அப்படித்தான்.

“டேய், இருக்கியா?”

கேட்டது. தெளிவாகக் கேட்டது. காருக்குள் கணவனும் மனைவியும் சண்டைபோடும் காட்சியில் இருந்தேன். அவள் மூச்சுவிடாமல் நாலு வாக்கியம் பேசுகிறாள். இரண்டு வரிக்குள் அடங்க மூன்று சொற்களைக் கழிக்க வேண்டும். கழித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன்.

“இருக்கியாடா?”

‘இருக்கேன்’ என்று ஒரு சொல். அதற்கு எழுந்துகூடப் போக வேண்டாம். ஆனால் சொன்னால், முதலில் தண்ணீர், பிறகு ஜன்னல் திரை, பிறகு தலையணை, பிறகு அக்கா ஏன் போன் பண்ணவில்லை. ஒரு மணி நேரம் போய்விடும். பதில் சொல்லாவிட்டால் நான் வெளியே போயிருப்பதாக நினைத்து விட்டுவிடுவாள். அந்தப் பதினோரு நாளில் நாலைந்து தடவை இப்படி விட்டிருக்கிறாள். ஊதா சுவிட்ச் எனக்குக் கொடுத்த வசதி அது. வீட்டில் இருந்துகொண்டே இல்லாமல் இருக்கலாம்.

மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை. வாக்கரின் ரப்பர்க் கால் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. ‘தானா முயற்சி பண்றாங்க, நல்லதுதான்’ என்று நினைத்தேன். (அப்போது நினைத்தேனா, பிற்பாடு சேர்த்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. எப்படி இருந்தாலும் எழுந்து போகவில்லை.)

பிறகு அவள் விழுந்தாள். விழுந்த சத்தத்தை எழுத நாலு சொல் போட்டுப் பார்த்தேன். நாலையும் அடித்துவிட்டேன்.

ஓடும்போது திரையைப் பார்த்தேன். மூன்று சொற்களையும் கழித்து முடித்திருந்தேன்.

8

போன வாரம் மாமா பேசினார். அக்காவின் கணவர்.

“உன் அக்கா ஆளே சரியில்லப்பா. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல யாராவது டைப் பண்ணா எழுந்து வெளிய போயிடறாளாம். லீவு போட்டு வீட்ல உக்காந்திருக்கா. சாப்பாடு இறங்கல. ‘நான் வாங்கிக் குடுக்காம இருந்திருந்தா’, ‘நான் வாங்கிக் குடுக்காம இருந்திருந்தா’ன்னு அதே பேச்சு. நீ சொன்னா கேப்பா. ஒரு வார்த்தை பேசேன்.”

“பேசறேன் மாமா,” என்றேன். பேசுவதற்குப் பதிலாக எழுத உட்கார்ந்தேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அப்படி வந்தது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் எல்லாவற்றையும் சொல்கிறேன். அக்கா எழுந்துபோய்த் தன் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள், அதோடு எனக்கு அக்கா இல்லை. இன்னொன்றில் எதுவும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்து, ‘உன் தப்பு இல்லக்கா, யார் தப்பும் இல்ல’ என்கிறேன். அந்த ‘யார் தப்பும் இல்ல’ என்ற இடத்தில் நிறுத்தி, அந்த வரியை அடித்துவிட்டேன். மூன்றாவதில் அவள் என் தோளில் கை வைத்து, ‘தெரியும்டா, விடு’ என்கிறாள். படிக்க அருமையாக இருந்தது. எனக்கு வேண்டியதை அவள் வாயில் திணித்திருந்தேன். கிழித்துவிட்டேன்.

9

நேற்று மத்தியானம் தாள்களை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். முழுவதையும் படித்துக் காட்டிவிடுவது என்றுதான் போனேன்.

மாமா வேலைக்குப் போயிருந்தார். அக்கா சோபாவில் இருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாரக்கணக்கில் சீப்பு படாத தலை.

“கதை எழுதியிருக்கேன். படிக்கட்டுமா?”

“அம்மாவப் பத்தியா?”

“ம்.”

“படி.”

கடையில் நடந்ததைப் படித்தேன். கடலை உடைக்கும் இடத்தில் அவள் உதடு லேசாக அசைந்தது. நாலையும் ஐந்தையும் தாண்டினேன். ஆறில் ‘அவன்’ என்று எழுதியிருந்ததை, ‘பத்தொன்பதாம் நாள்’ வரை படித்தேன். நிறுத்தினேன். மிச்சத் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“அவ்ளோதானா?”

“இன்னும் முடியலக்கா.”

படித்த தாள்களைக் கை நீட்டி வாங்கினாள். பேச்சு வரும் வரிகளில் விரலை ஓட்டிக்கொண்டு போனாள்.

“நான் பேசினது ஒண்ணு விடாம எழுதியிருக்க,” என்றாள். “அந்தக் கடைக்காரர் பேசினதுகூட இருக்கு. விழுந்த அன்னைக்கு அம்மா பேசினதுதான் ஒரு வரிகூட இல்ல.”

பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

“ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அம்மா என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. நான் உன்கிட்ட சொல்லல. அப்ப எனக்கே புரியல. ‘அவனத் திட்டாதடி, அவன் உள்ள வேலையா இருந்தான்’னாங்க.” தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். “வெளிய போயிருந்தான்னு சொல்லல. உள்ளன்னுதான் சொன்னாங்க. நீ வீட்லதான் இருக்கன்னு அம்மாவுக்குத் தெரியும். ரெண்டு மாசமா படுத்துப் படுத்து இதையே யோசிக்கறேன். தெரிஞ்சும் ஏன்டா தனியா எழுந்தாங்க?”

அந்த நாலைந்து தடவையும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நேற்று, அந்த சோபாவுக்கு எதிரில்தான் எனக்கு அது உறைத்தது. முப்பது வருடம் கம்பிக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா இல்லையா என்று கேட்டே பிழைத்த காது. நான் பதில் சொல்லாமல் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்கா கேட்டிருக்காது?

“அம்மா கூப்பிட்டாங்களாடா?” என்றாள் அக்கா.

இதற்கு நான் சொன்ன பதிலை எழுதப் போவதில்லை. ஒரு சொல்தான். நான் எப்படிப்பட்டவன் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதை எழுதும்போதும் அக்கா சோபாவின் நுனிக்கு வந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏழாம் பகுதி என் பைக்குள் இருக்கிறது. அதைப் படித்தவர் இதுவரை நீங்கள் ஒருவர்தான். நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கள்.