படுக்கையறைக்கு இருபது வார்த்தை

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டான். இரண்டு மாதமாக இதே வரிசைதான். இன்று ஒன்று கூடுதல்: வீட்டை விற்பவருக்கு மத்தியானத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வேறொரு குடும்பம் காத்திருக்கிறது.

இழுப்பறையிலிருந்து மனைவி எழுதிய தாளை எடுத்துப் பையில் வைத்தான்.

வீடு நெடுஞ்சாலையிலிருந்து நாற்பதடி. முதல்முறை பார்க்கப் போனபோது ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. "இது லாரியே போகாத ரோடு சார்" என்றார் விற்பவர். அவன் அப்போதே தலையாட்டிவிட்டான். அவள் மட்டும் ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டி நீட்டினாள்.

"லாரி போகாத ரோட்டுல இவ்வளவு கரி எங்கிருந்து சார் வந்துச்சு?"

விற்பவர் அசடு வழிந்தார். பாலம் பழுது பார்க்க அந்த வாரம் சாலையை மூடியிருந்தார்கள்.

அவனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பான். "பொய் சொன்னது அவரு. வீடு என்ன பண்ணுச்சு?" என்றாள் அவள். சாலை திறந்த மறுநாளே, நெரிசல் நேரமாகப் பார்த்து அவனை மறுபடி இழுத்துப் போனாள்.

ஆஸ்பத்திரியில் காது சோதிப்பது அவள் வேலை. அந்தச் சோதனையை அப்படியே வீட்டுக்கு வைத்தாள். அறையின் ஒரு மூலையில் அவனை நிறுத்தினாள். எதிர் மூலையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள், உதட்டைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவான் என்று. தாளில் அறைக்கு இருபது வார்த்தை எழுதியிருந்தாள்; சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகப் படிப்பாள். அவன் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"சத்தம் எவ்வளவுங்கறது கணக்கில்ல. நான் பேசறது உனக்குக் கேக்கணும், அவ்வளவுதான்."

கூடத்தில் பதினொன்று. சமையலறையில் பத்தொன்பது. "சண்டையெல்லாம் இனிமே சமையல்கட்டுலதான்" என்று எழுதிக்கொண்டாள். படுக்கையறைக்குப் போவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. மறுநாள் வேலையில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. கண் விழிக்காமலே போய்விட்டாள்.

தாளில் படுக்கையறைக் கட்டம் காலியாகவே நின்றது.

அந்த வீட்டு வாசலில் மச்சினன் காத்திருந்தான். அவளுடைய தம்பி, லாரி ஓட்டுகிறவன்.

"போயும் போயும் இதையா அத்தான்? இந்த வளைவுல எல்லாரும் கியர் இறக்குவோம். நானே உங்கள தினம் மூணு தடவ எழுப்பி விடுவேன்."

"உள்ள வா. இதப் படி."

படுக்கையறையில் மச்சினன் தாளை வாங்கினான்.

"அக்கா கையெழுத்து. கோழி கிறுக்கினாப்புல."

"சுவத்தப் பாத்து நின்னுக்க. கத்தாத, சாதாரணமாப் பேசு."

"எனக்கு சாதாரணமே கத்தறதுதான்." ஆனாலும் குரலை இறக்கிக்கொண்டான். "பூட்டு."

"பூட்டு."

"கயிறு."

"கயிறு."

வெளியே ஒரு லாரி முக்கி முனகி வளைவைக் கடந்தது.

"கேக்கல" என்றான் அவன்.

"இன்னொரு தரம் சொல்றேன்."

"கூடாது. உங்க அக்கா சொல்லமாட்டா."

முடிந்தபோது பதினேழு. தாளின் அடியில் அவள் கையால் ஒரு வரி: படுக்கையறைக்குப் பதினைந்து வந்தால் வாங்கலாம். அவன் காலிக் கட்டத்தில் பதினேழு என்று எழுதினான். விற்பவருக்குப் போன் போட்டான். "எடுத்துக்கறேன் சார்." பேச்சு அரை நிமிடத்தில் முடிந்தது.

மச்சினன் ஜன்னலைச் சாத்திப் பார்த்தான். "கட்டில மட்டும் இங்க ஒட்டிப் போட்டுராதீங்க அத்தான்."

"இங்கதான் போடணும். அவ சொல்லிட்டா."

"எப்ப?"

அவள் மயங்கி விழுந்த அன்று காலையில்தான். வேலைக்குக் கிளம்பி, ஒரு காலில் செருப்பும் மறு செருப்பைத் தேடும் கையுமாக வாசலில் நின்று சொன்னாள்:

"ஜன்னல் பக்கம் நான் படுத்துக்கறேன். நீதான் ஈ பறந்தாலே முழிச்சுக்கற ஆளாச்சே."