ஒரு பொய், இரண்டு மூக்கு

மணி அலறியது.

சாதாரண மணி இல்லை. காதுக்குள் ஆணி அடிக்கிற மணி. மூன்று தலையணைகளில் சாய்ந்து, வாயால் மூச்சு விட்டபடி அரைத் தூக்கத்தில் இருந்தவள் கண்ணைத் திறந்தால், கூரையிலிருந்து மழை! தீப்பிடித்தால் நீர் தெளிப்பதற்காக மாட்டியிருந்த குழாய்கள் மெத்தை, பெட்டி, நான் என்று பாரபட்சம் பார்க்காமல் நனைத்துக்கொண்டிருந்தன. முதலில் இரண்டு கையாலும் மூக்கை மூடினேன். பாஸ்போர்ட் ஞாபகம் அப்புறம்தான் வந்தது.

மூன்று மாடி இறங்கித் தெருவுக்கு வந்தேன். பகல் இரண்டு மணி வெயில். நடைபாதையில் முப்பது பேர் நின்றிருந்தோம். எல்லோர் முகத்துக்கும் நடுவில் ஒரே மாதிரி வெள்ளைப் பிளாஸ்டர், கண்ணுக்குக் கீழே ஒரே மாதிரி கருநீலம். ஒரே ரவுடியிடம் வரிசையில் நின்று குத்து வாங்கியவர்கள் மாதிரி இருந்தோம். எதிரே பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

மூக்கை அழகுபடுத்திக்கொள்ள வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்த விடுதியில்தான் தங்க வைக்கிறார்கள். ஏழாம் நாள் கட்டைப் பிரித்து, டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் ஏறலாம். எனக்கு அன்று இரண்டாம் நாள்.

யாரோ மெத்தை மேல் இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்டார்களாம். பாஷை புரியாத எங்களுக்காகக் காவலாளி காற்றிலேயே ஒரு சட்டையைத் தேய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கையில கிடைக்கட்டும், அவனையே தேச்சு மடிச்சு வைக்கிறேன்!"

தமிழ். அதுவும் எனக்குத் தெரிந்த தமிழ். பதினோரு வருஷமாக என்னைக் கொத்தும் தமிழ். சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

"கிளி!"

நான் அசையவில்லை.

"திரும்பிக்கிட்டா தெரியாதாக்கும்? அந்த நைட்டி நான் தச்சதுடி."

என் நாத்தனார். என் கணவரின் அக்கா. ஊரில் தையல் கடை வைத்திருப்பவர். தையல் மெஷின் கண்காட்சி பார்க்க வேறு ஏதோ நாட்டுக்குப் போயிருக்கிறார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் தலைமை அலுவலகத்தில் பயிற்சிக்குப் போயிருக்கிறேன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். இப்போது இரண்டு பிளாஸ்டர்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"பயிற்சியெல்லாம் நல்லாப் போகுதா?" என்றார்.

"கண்காட்சி எப்படி அண்ணி?"



ஓடிப்போகலாம் என்றால் எங்கே ஓடுவது? என் மாடி முழுக்கத் தண்ணீர். விடுதி மேலாளர் பெயர்ப் பட்டியலோடு வந்து, காய்ந்த அறைகளில் எங்களை ஜோடி ஜோடியாகச் சேர்க்க ஆரம்பித்தார். நாங்கள் பேசிக்கொண்டதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒரே பாஷை, ஒரே ஊர், எவ்வளவு வசதி! நான் தலையைத் தலையை ஆட்டி மறுத்தேன். நன்றி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கீழ்த்தளத்துக் கோடி அறை. இரண்டு கட்டில். ஜன்னல் நான்கு விரல் அகலத்துக்குத்தான் திறக்கும். திறந்தால் ஒரு சுவரும், சொட்டுகிற ஒரு குழாயும் தெரியும். குளியலறைக் கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருந்தார்கள், வீங்கின முகத்தைப் பார்த்து யாரும் பயந்துவிடக் கூடாதென்று. குனியக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டு தும்மக் கூடாது. வெயிலில் போகக் கூடாது. நாத்தனாரோடு ஒரே அறையில் இருக்கக் கூடாது என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

"இந்த இடம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அண்ணி.

"உங்க கடையில பொத்தான் டப்பாவுக்கு அடியில ஒரு நோட்டீஸ் இருந்துச்சு. யாரோ கஸ்டமர் விட்டுட்டுப் போனதுன்னு நினைச்சேன்."

"அடிப்பாவி! அதைக் காணோம்னு ரெண்டு நாள் தேடினேன்."

சிரிக்கப் போனவர் சட்டென்று விலாவைப் பிடித்துக்கொண்டார். அங்கே தனியாக ஒரு கட்டு இருந்தது. விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து மூக்கில் வைத்துக் கட்டியிருந்தார்கள். எனக்கு நேர்மாறு. இருந்த மேட்டைச் சீவி, நுனியின் வளைவை நிமிர்த்தியிருந்தார்கள்.

"உனக்கு எடுத்தாங்க, எனக்கு வச்சாங்க. முன்னாடியே பேசியிருந்தா என் விலாவாவது தப்பிச்சிருக்கும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "பொண்ணு மூக்கும் முழியுமா இருக்கா" என்று மாமியார் சொல்லி வாய் மூடுவதற்குள், "முழி இருக்கட்டும்மா, மூக்குதான் முன்னாடியே வந்து கதவைத் திறந்துச்சு" என்றவர் இவர். அன்றைக்கே கிளி என்று பெயரும் வைத்தார். அப்புறம் கணவருக்குக் கிளி, பக்கத்து வீட்டுக்குக் கிளி. ஒருநாள் என் அலுவலகத்துக்கு வந்த கணவர் வாய் தவறிக் கூப்பிட்டுவிட, அங்கேயும் கிளி. எனக்குத் தெரிந்து பதினோரு வருஷம் எந்தப் போட்டோவிலும் நான் பக்கவாட்டில் நின்றதில்லை.

"திரும்பிப் போய் அவன்கிட்ட என்ன சொல்லப் போற?" என்றார் அண்ணி.

அதை நான் ஒரு மாதம் யோசித்து வைத்திருந்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில், விபத்துக்கு நஷ்டஈடு கேட்டு வரும் தாள்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. எந்தப் பொய் நிற்கும், எது படுக்கும் என்று எனக்குத் தெரியும்.

"விழுந்துட்டேன்னு. ஓட்டல் குளியலறை, காலைல ஏழு மணி, தரையில சோப்புத் தண்ணி. மூக்கு உடஞ்சு அவசரமா ஆபரேஷன். டாக்டர் நிமித்தி வச்சதுல வடிவம் கொஞ்சம் மாறிடுச்சு."

அண்ணி கட்டிலில் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன அண்ணி?"

"நான் எஸ்கலேட்டர்ல விழுந்தேன்."

"எப்போ?"

"விழல. விழுந்தேன்னு சொல்லப் போறேன். மூக்குலதான்."



"அண்ணி, ஒரே வீட்டுல, ஒரே வாரத்துல, ரெண்டு பேர், ரெண்டு நாட்டுல, மூக்கு மேலயே விழுந்தாங்கன்னு ஒரு தாள் என் மேஜைக்கு வந்தா, முழுசாப் படிக்கக்கூட மாட்டேன். சிவப்புப் பேனாவை எடுத்துடுவேன்."

"அப்ப நீ வேற ஏதாவது சொல்லு."

"நான் ஏன்? நான்தான முதல்ல சொன்னேன்!"

"நான் முதல்ல கத்தி வாங்கினவ. உன்னைவிட மூணு நாள் சீனியர்."

வேறு என்ன சொல்ல முடியும்? பந்து பட்டது, கதவு இடித்தது, எதை எடுத்தாலும் இரண்டு மூக்கு இரண்டு மூக்குதான். பொய் ஒன்று, ஆள் இரண்டு. கிடைக்காதவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். என் உண்மையை எப்படிச் சொல்வது? 'உங்க அக்கா பேச்சைத் தாங்க முடியாம, உங்ககிட்டயே பொய் சொல்லிட்டு நாடு விட்டு நாடு போய் மூக்கை வெட்டிக்கிட்டேன்' என்றா? பொய்யைக்கூட மன்னிப்பார். அக்காவைச் சொன்னால் மன்னிக்க மாட்டார். தாயில்லாத வீட்டில் வளர்ந்தவர் இல்லை, ஆனாலும் அக்கா இடுப்பிலேயே வளர்ந்தவர்.

மறுநாள் முழுக்க அண்ணி பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தார்.

"டாக்டர்கிட்ட என்ன மாதிரி கேட்ட?"

"கம்ப்யூட்டர்ல அஞ்சு காட்டினார். மூணாம் நம்பர்னேன்."

"நம்பர் சொல்லி வாங்க அது என்ன செருப்பா? எவ்வளவு அளவெடுத்தாலும் தப்பும்டி. அளவுக்கு ஒரு பழைய சட்டை குடுத்துட்டாத் தப்பாது. நான் அப்படித்தான் குடுத்தேன்."

"யாரோடதை?"

"ஒரு நல்ல அளவு" என்று சொல்லிவிட்டு மூக்கில் மருந்து பீய்ச்சிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அண்ணியின் போன் அடித்தது. திரையில் என் கணவரின் படம். வீடியோவை அணைத்துவிட்டு எடுத்தார்.

"தம்பி, பதறாத. ஒண்ணுமில்ல. எஸ்கலேட்டர்ல கால் தடுக்கி... ஆமாண்டா, மூக்குல..."

நான் கட்டிலிலிருந்து எழுந்து கையைக் கூப்பினேன். வேண்டாம் என்று தலையாட்டினேன். வாயைத் திறந்து கத்த முடியாது, கத்தினால் நான் இங்கே இருப்பது தெரிந்துவிடும். அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, டாக்டர் எவ்வளவு நல்லவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் போனை வைத்த மறு நிமிஷம் என் போன் அடித்தது. குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன்.

"கிளி, அக்கா விழுந்துட்டாங்களாம்! மூக்கு உடஞ்சு ஆபரேஷனே ஆயிடுச்சாம்!"

"ஐயோ!" என்றேன். அந்த ஐயோவில் கொஞ்சம்கூட நடிப்பு இல்லை.

"உன் குரல் ஏன் அடைச்சிருக்கு?"

"அழுகை வருதுங்க."

"சே, அழாத. அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது. உனக்கு மனசே வெள்ளை. இங்க பாரு, நீ பாத்து நட. நீயும் எங்கயாவது விழுந்து கிழுந்து வச்சுடாத. ஒரு வீட்டுக்கு ஒரு மூக்கு போதும்!" என்று சொல்லி அவரே சிரித்தார்.

காகிதம் ஒட்டிய கண்ணாடியின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வெளியே வந்து கொட்டித் தீர்த்தேன்.

"பொய்யை நீங்க எடுத்துக்கிட்டீங்க. எனக்கு உண்மைதான் மிச்சம். அந்த உண்மைல முதல் வரியே நீங்கதான் அண்ணி. கல்யாணத்துல, வளைகாப்புல, ஆஸ்பத்திரில பெத்துட்டுக் கிடந்தப்பகூட. 'கிளி முட்டை போட்டுருச்சா'ன்னு கேட்டுக்கிட்டே உள்ள வந்தீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். தையல் பிரிஞ்சுடும்போல வலிச்சுச்சு."

சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பிப் படுக்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. இரண்டு பேரும் கூரையைப் பார்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தோம்.

அதற்கு அடுத்த நாள் அண்ணிக்குக் கட்டுப் பிரிக்கிற நாள். துணைக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று நர்ஸ் சொன்னதால் நான் போனேன்.

டாக்டர் பஞ்சை நனைத்து நனைத்துப் பிளாஸ்டரை உரித்தார். நடுநடுவே கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். திரை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. கடைசித் துண்டும் வந்ததும் கைக்கண்ணாடியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, எனக்கும் தெரியட்டும் என்று அவர் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பினார்.

வீக்கம் இன்னும் இருந்தது. ஆனாலும் தெரிந்தது. நீளமான மூக்கு. பாதியில் ஒரு சின்ன மேடு. நுனியில் லேசாகக் கீழ்நோக்கி ஒரு வளைவு. என் கை தானாகவே என் பிளாஸ்டரைத் தொட்டது.

அண்ணி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போனைக் குடு. நான் விழல, நானா வந்து பண்ணிக்கிட்டதுதான்னு தம்பிகிட்டச் சொல்லிடறேன். பொய்யை நீயே வச்சுக்க. பாத்ரூமு, சோப்புத் தண்ணி, எல்லாம்."

"ஏன் அண்ணி, திடீர்னு?"

அவர் கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"பின்ன என்னடி? எஸ்கலேட்டர்ல விழுந்து எழுந்தா எவளுக்காவது தம்பி பொண்டாட்டியோட மூக்கு முளைக்குமா?"