ஒற்றைச் செருப்புக் குடித்தனம்

மூட்டைக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினோரு வருடம் பேருந்து நிலையத்து நடைமேடையில் படுத்தவர். மூன்று வாரத்துக்கு முன்னால், வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுக்கும் எங்கள் அலுவலகம் அவருக்கு மூன்றாவது மாடியில் ஓர் அறை கொடுத்தது. குடித்தாலும் பறிக்க மாட்டோம், வேலைக்குப் போகாவிட்டாலும் பறிக்க மாட்டோம். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் அறை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவரை வாராவாரம் பார்த்து வேண்டியதைச் செய்துகொடுப்பது என் வேலை. அன்று காலை, அவர் குடியிருக்கிறாரா என்று சரிபார்க்க வந்த அதிகாரிக்காகக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. அலுவலகச் சாவியால் திறந்தேன்.

மெத்தை இல்லை. டம்ளர் இல்லை. ஜன்னலுக்குத் திரை இல்லை. அதிகாரி சுவிட்சைப் போட்டார். பல்பும் இல்லை.

"இங்க ஆளே இல்லையேம்மா. மூணு வாரமா யாரைப் பாத்துட்டிருந்தீங்க?"

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். மூட்டைக்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். முதுகில் மெத்தை, தோளில் திரைச்சீலை, கையில் கெட்டில்.

"டீ குடிக்கப் போயிருந்தேன் தங்கச்சி. சார் சீக்கிரமே வந்துட்டாரு போல."

"டீ குடிக்க மெத்தை எதுக்குய்யா?" என்றார் அதிகாரி.

"விட்டுட்டுப் போனா இருக்குமா சார்?"

"அதான் கதவுல பூட்டு இருக்கே!"

"பூட்டு போட்டிருந்தாத்தானே சார், உள்ள சாமான் இருக்குன்னு திருடனுக்கே தெரியும்?"

துண்டில் பொத்திச் சுற்றியிருந்த பல்பை எடுத்து மாட்டினார். அறைக்கு வெளிச்சம் வந்தது. அதிகாரியின் முகத்துக்கு வரவில்லை.

"இதுக்குப் பேரு குடியிருக்கிறது இல்ல. தினமும் காலி பண்றது." பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்புறம்தான் தோன்றியது.

"அண்ணே, ஏதாவது ஒரே ஒரு பொருளை இங்க வச்சிட்டு வாங்க. கீழ போய் டீ குடிச்சிட்டு வருவோம். திரும்பி வந்து அது இருந்தா பூட்டை நம்புவீங்களா?"

அதிகாரிக்கும் டீ தேவைப்பட்டது போலிருக்கிறது. சரி என்றார்.

மூட்டைக்காரர் கெட்டிலைக் கீழே வைத்தார். எடுத்துக்கொண்டார். திரையை வைத்தார். அதையும் எடுத்துக்கொண்டார். கடைசியில் இடதுகால் செருப்பைக் கழற்றி நட்டநடு அறையில் வைத்தார்.

"ஒத்தச் செருப்ப எவன் எடுக்கப் போறான்?"

பல்பைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, மெத்தையோடு விந்தி விந்தி இறங்கினார். டீக்கடையில் படிக்கட்டை விட்டுக் கண்ணெடுக்கவே இல்லை. டீ ஆறிப்போனது.

திரும்பி வந்து கதவைத் திறந்தோம். பல்பை மாட்டினார். செருப்பு வைத்த இடத்தில் இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வலதுகால் செருப்பையும் கழற்றி அதன் பக்கத்தில் ஜோடியாக வைத்தார்.

"டீ ஆறிப்போச்சு சார். சூடா இன்னொண்ணு குடிச்சிட்டு வந்துடறேன்."

மெத்தை இன்னும் முதுகில்தான் இருந்தது. அதிகாரி ஜோடிச் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 'வசிக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படிக்கட்டிலிருந்து குரல் வந்தது: "தங்கச்சி, பல்ப கழட்டி எடுத்துட்டு வந்துரு!"

"அது இங்கயே இருக்கட்டும்ணே!"

ஒரு படி மேலே ஏறும் சத்தம் கேட்டது. பிறகு வெறுங்கால்கள் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கின.