நான்கு ஏக்கர் மழை

தாயில்பட்டியில் கருப்பணனின் நான்கு ஏக்கர் மிளகாய்த் தோட்டத்தின் மேல் மட்டும் நான்கு ஆண்டுகளாக மழை பெய்யவில்லை. கிழக்கு வரப்புவரை வந்த மழை அங்கே நின்று, மேற்கு வரப்புக்கு அப்பால் மீண்டும் பெய்தது. முதலாண்டு ஊரார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் ஆண்டு முதல், வழியில் மழையில் அகப்பட்டவர்கள் அந்தத் தோட்டத்தில் ஒதுங்கித் தலை துவட்டிக்கொள்ளப் பழகினார்கள். கருப்பணன் வானத்தைப் பொய்யன் என்று ஏசினார். அவர் மனைவி முத்துப்பேச்சி குடத்தில் சுமந்து ஊற்றிக் காப்பாற்றிய செடிகள் இருபதோ முப்பதோதான். தம்பி நாகையா ஐப்பசிதோறும் வந்து அருகில் அமர்ந்து கண்ணீர் வடிப்பார். "வானம் பொய்ச்சா நாம என்னண்ணே செய்ய முடியும்? வித்துருங்க. உங்க மொகத்தப் பாக்கச் சகிக்கல." அந்த அழுகையைக் காணப் பொறாமல் கருப்பணனே தம்பியைத் தேற்றி அனுப்புவார்.

ஐந்தாம் ஆண்டில் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து ஓர் ஆங்கிலக் கடிதம் வந்தது. பள்ளி ஆசிரியை ஜெனிட்டா அதைப் படித்துச் சொன்னார்: உங்கள் நிலத்தில் மழை 'ஸ்கேர்சர்' ஆகிவிட்டதால் அது வெடி உலர்த்தும் களத்துக்கு ஏற்றது, கீழே கையெழுத்திட்டு எங்களுக்கு விற்றுவிடுங்கள்.

"அதென்ன டீச்சர், ஸ்கேர்சரு?"

"முன்னவிட அரிதாயிருச்சுன்னு அர்த்தம், அண்ணாச்சி."

"தானாவா அரிதாச்சு?"

இப்படி ஒரு கேள்வியை எந்த மாணவரும் அவரிடம் கேட்டதில்லை. ஜெனிட்டா தடித்த அகராதியைப் புரட்டினார். அச்சொல்லின் வேர் பழைய லத்தீனில் கிடந்தது. பறித்தெடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். கருப்பணன் ஐம்பது ஆண்டுகள் மிளகாய் பறித்தவர். எந்தக் காயும் தானாகக் கூடைக்கு வந்ததை அவர் கண்டதில்லை.

"பறிக்கணும்னா ஒரு கை வேணும்ல, டீச்சர்" என்று சொல்லிக் கடிதத்தை மடித்துக்கொண்டார்.

அடுத்து மேகம் திரண்ட பகலில் அவர் சோளத்தட்டை அடுக்கிய படப்பின் பின்னே காத்திருந்தார். நாகையா ஏணியோடு வந்தார். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு மேல்படியில் நின்று, மேகத்திலிருந்து துளிகளைக் காம்போடு கிள்ளிக் கிள்ளிச் சாக்கில் போட்டார். பழகிய கை, ஒரு துளியும் சிந்தவில்லை.

"ஏலே, எறங்குலே."

நாகையா இறங்காமலே சொன்னார்: "நெலம் கைக்கு வந்தா கம்பெனியில போர்மேன் வேல தாரேன்னாகண்ணே. உங்களுக்கும் நல்ல வெலதானே?"

"வெலைய விடு. வருசா வருசம் எம்முன்னால அழுதியே, அந்தத் தண்ணிய எங்கனலே பறிச்ச?"

நாகையா இறங்கிவந்து சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். பிஞ்சில் பறித்த மழையாதலால் அது மண்ணை நனைக்காமல் புகைபோலக் கலைந்துபோயிற்று.

கருப்பணன் கடிதத்தில் கையெழுத்திடவில்லை. செய்யாத குற்றத்துக்கு நான்கு ஆண்டுகள் ஏசியதற்காக வானத்திடம் மன்னிப்புக் கேட்டார். மறுவாரம் நான்கு ஏக்கரிலும் மழை இறங்கியது. அதன்பின் நாகையாவின் மேல் மட்டும் ஒரு துளியும் விழுவதில்லை. கம்பெனியார் இதற்கு வியக்கவில்லை. மழை நாளில் வெடித் திரிக்கட்டுகளை ஒரு கொட்டகையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்ல அவரையே கூலிக்கு வைத்திருக்கிறார்கள், கட்டுகள் ஈரம் படாமல் போய்ச் சேர்கின்றன. கொட்டும் மழையில் சட்டை நனையாமல் அவர் வரப்போரமாக நடந்து போகையில், செடிகளுக்கிடையே நனைந்துகொண்டிருக்கும் முத்துப்பேச்சி கணவரைத் தொட்டு, "உங்க தம்பி போறாரு" என்பார்.

"தெரியல புள்ள. மழ மறைக்குது" என்பார் கருப்பணன், களைபறிப்பதை நிறுத்தாமல்.