வெறுங்கத்தரி

சவரிராயன் மேஸ்திரியைக் கோபக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. பெரிய கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் தையல் கடையில் கோட்டுக்குக் கை மாற்றித் தைத்துவிட்டால்கூட, "பிரிச்சுட்டுத் தைடா" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். அப்படிப்பட்ட மனுஷன்தான் அன்று காலையில் ஒரு கத்தரிக்கோலுக்காகக் கடையே அதிரும்படி கத்தினார்.

பக்கத்து மிஷினில் தைக்கிற காத்தவராயன் செய்த குற்றம் இவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்களின் பதினாலு ஜூலைத் திருவிழாவில் கவர்னர் மாளிகை முன்னால் வாசிக்கப்போகிற பாண்டுக்காரர்களுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். மிஷினில் நூல் தீர்ந்துவிட்டது. பட்டனுக்குக் காஜா எடுக்கிற செல்வாம்பாள் புது நூல்கண்டு கொண்டுவரும் வரைக்கும் கை சும்மா இருக்கவில்லை அவனுக்கு. கத்தரியை எடுத்துச் சடக் சடக்கென்று வெறுங்காற்றை வெட்டித் தாளம் போட்டான். வாய்க்குள் ஒரு மெட்டு வேறு. வெறுங்கத்தரி வெட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று தையற்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. சவரிராயன் அதை நம்புகிறவர் இல்லை. நம்பினால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லித் தொலைக்க வேண்டுமே என்பதற்காகவே நம்பாதவர்.

"நிறுத்துடா! யார் குடியக் கெடுக்க வெட்டற?"

காத்தவராயன் முதலில் சிரித்தான். "சும்மாதான் மேஸ்திரி..."

"சும்மாவா? எந்திரி. எந்திரிச்சு வீட்டுக்குப் போ. இனிமே இந்தக் கடைப் படி ஏறாத!"

அவர் கண்ணைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு இது வேடிக்கை இல்லை என்று புரிந்தது. நூல்கண்டோடு வந்து நின்ற செல்வாம்பாளைப் பார்த்தான். அவள் குனிந்து கையில் இருந்த நூல்கண்டைப் பார்த்துக்கொண்டாள். ஆணியில் மாட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனான். ஆறு வருஷம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்தவன்.

கோளாறு கத்தரியில் இல்லை, சவரிராயனின் வீட்டில் இருந்தது. நாலு வயசுப் பிள்ளை அமலநாதன் ஒரு வாரமாக ஜுரத்தில் கிடந்தான். கொதிப்பு இன்றைக்குள் இறங்கிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரி தொக்தேர், அதாவது டாக்டர், சொல்லியிருந்தார். இறங்காவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கடையில் மூச்சு விடவில்லை. பாண்டுச் சட்டைகளை மறுநாள் கொடுத்தாக வேண்டும் என்று காலையில் கிளம்பி வந்துவிட்டாரே தவிர, காது மட்டும் மாதாகோயில் மணியிலேயே இருந்தது. பெரியவர்களின் கோபமே இப்படித்தான். பயம் எதன்மேலோ அதைப் பிடித்து உலுக்க முடியாது. கைக்கெட்டுகிற தூரத்தில் எவன் உட்கார்ந்திருக்கிறானோ அவன் மாட்டிக்கொள்கிறான்.

காத்தவராயன் போய்க் கொஞ்ச நேரத்தில் கோயில் மணி அடித்தது. துக்க மணி இல்லை. எல்லா மணிகளும் சேர்ந்து கலகலவென்று அடித்த சந்தோஷ மணி.

"யாரு வீட்டுலயோ நல்ல விசேஷம் போல" என்றாள் செல்வாம்பாள்.

சவரிராயன் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தார். செல்வாம்பாளுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். அவருடைய பங்குக் கோயிலில் சிறுபிள்ளை செத்தால் துக்க மணி கிடையாது. ஞானஸ்நானம் வாங்கின குழந்தை பாவம் அறியாதது, நேரே மோட்சத்துக்குப் போய் வானதூதரான சம்மனசாகிவிடும், அதற்கு ஏன் அழ வேண்டும் என்று சந்தோஷ மணிதான் அடிப்பார்கள். கோயில் அவர் வீட்டுக்கு அடுத்த தெரு. கடைதான் தூரம். சேதி முதலில் கோயிலுக்குத்தான் போயிருக்கும்.

ஓடினார். கழுத்தில் அளவு நாடா, விரலில் ஊசி குத்தாமல் மாட்டிய அங்குஸ்தான், காலில் செருப்பில்லை. எதிரே புஷ்புஷ் வண்டியில் ஆளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவன் "கண்ணு தெரியலயாய்யா?" என்று திட்டியது அவர் காதில் விழவில்லை. மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. தெருமுனையில் கும்பல் இல்லை, அழுகுரல் இல்லை. அதையும் அவர் நம்பவில்லை.

வாசலை மிதிக்கும்போதே உள்ளேயிருந்து ஒரு கிண்ணம் உருண்டு வந்து அவர் காலில் முட்டியது.

"உப்பே இல்ல! எனக்கு வேணாம் போ!"

அமலநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. அவர் பெண்சாதி சூசைமேரி தரையில் சிந்திய கஞ்சியைத் துடைத்தபடி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"இப்பத்தாங்க வேர்த்துக் கொட்டி ஜுரம் எறங்குச்சு. எறங்கின ஒடனே ரகளைய ஆரம்பிச்சுட்டான்."

"மணி அடிச்சுதே..."

"சைகோன் போய்ச் சம்பாரிச்சு வந்தாங்களே, அவங்க வீட்டுப் பேரனுக்கு ஞானஸ்நானம். ஏன், நீங்க என்னன்னு..."

சவரிராயன் சிந்திய கஞ்சியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் ஒரு வாரமாக ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போக, தேம்பித் தேம்பி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு கிண்ணம் குடு. அதையும் எறியட்டும்" என்றார்.

பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கையில்தான் அங்குஸ்தான் இடித்தது. அதைக் கழற்றும்போது காத்தவராயன் துண்டை எடுத்துத் தோளில் போட்டது ஞாபகம் வந்தது. வந்ததும் உட்கார முடியவில்லை அவரால்.

முதலியார்பேட்டையில் காத்தவராயன் வீட்டு வாசலுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது உள்ளே பெரிய சண்டை.

"உப்ப அள்ளிக் கொட்டி வெச்சிருக்க! இத மனுசன் தின்னுவானா?"

"நேத்து வெச்ச அதே மீன் கொழம்புதான்யா" என்றாள் அவன் பெண்சாதி ஆதிலட்சுமி. "நேத்து நக்கி நக்கித் தின்ன. இன்னிக்கு என்ன வந்துச்சு ஒனக்கு?"

வாசலில் நின்ற சவரிராயனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதோடு வெட்கமும் வந்தது. காலையில் தான் போட்ட கூச்சல்தான் இங்கே வந்து குழம்புச் சட்டியில் விழுந்திருக்கிறது.

"காத்தவராயா, தங்கச்சியத் திட்டாத. கொழம்புல ஒண்ணும் இல்ல. தப்பு எம்மேல."

காத்தவராயன் எழுந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாசலில் நின்றபடியே அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஜுரம், தொக்தேர், மணி, எதையும் விடவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல மேஸ்திரி? ஆறு வருசமாப் பக்கத்துலதான ஒக்காந்திருக்கேன்?"

"வாயால சொல்லிட்டா நெசமாயிடுமோன்னு பயம்டா. கத்தரியக் கண்டதும் அந்தப் பயந்தான் கத்துச்சு. நீ வராம நான் கடை தெறக்க மாட்டேன்."

காத்தவராயன் அவர் பக்கம் திரும்பினான். "புள்ள இப்ப எப்பிடி?" என்றான்.

"உப்பில்லன்னு கஞ்சியத் தூக்கி எறிஞ்சான்."

ஆதிலட்சுமிதான் முதலில் சிரித்தாள். காத்தவராயன் உதட்டைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை. "நாளைக்கு வெள்ளனவே வந்துடறேன். சட்டை பாக்கி கெடக்குது" என்றான்.

சவரிராயனுக்கும் ஒரு தட்டு வந்தது. ஒரு வாரமாக அவர் சோறு என்று எதையும் உட்கார்ந்து தின்றதில்லை. ஒரு வாய் வைத்தார். நேற்றுக் குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறிக் கரித்தது. காத்தவராயன் சொன்னதில் தப்பே இல்லை.

"இன்னொரு கரண்டி ஊத்து தங்கச்சி" என்றார் சவரிராயன்.