சைவப் பேய், மச்சப் பேய்

கீழே இறங்கப்போகிறாள். சொன்னால் கேட்கவா போகிறாள்? சுவிட்ச் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் போடாமல் ஒரு டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு, அதுவும் வெறுங்காலோடு போகிறாள். இவ்வளவு பெரிய வீடு இவ்வளவு மலிவாக வந்தபோதே யோசித்திருக்க வேண்டாமா? வாங்குவதற்கு முன் அந்த நிலவறையை ஒருதரம் எட்டியாவது பார்த்திருக்க வேண்டாமா?

இவ்வளவும் சிவரூபினி மனதுக்குள் சொன்னவை. வாய்விட்டுச் சொன்னது ஒன்றுதான்.

“போகாத, பிள்ளை.”

“அவள் போகாட்டி எங்களுக்கு என்னத்துக்கு இந்த றோல்ஸ்?” என்றாள் டொலறஸ்.

ஹலோவீன் நாள், சனிக்கிழமை பின்னேரம். நோர்பரியில் சிவரூபினியின் வீட்டு முன்னறையில் திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிய வாரம் என்பதால், மூடாவிட்டாலும் வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. தொலைக்காட்சிக்கு எதிரே சோபாவில் மூன்று பெண்கள். நடுவில் சிவரூபினி. ஒரு பக்கம் அடுத்த வீட்டு டொலறஸ், முகத்தை மறைப்பதற்காக மடியில் ஒரு தலையணையுடன். மறுபக்கம் மகள் அஜந்தா.

நிலவறைக்குள் ஏதோ பாய்ந்தது. தலையணை உயர்ந்தது. பிறகு மெல்லத் தாழ்ந்தது.

“பூனை,” என்றாள் சிவரூபினி, மிகுந்த திருப்தியோடு. “முதல்தரம் எப்பவும் பூனைதான்.”

சேர்ந்திருந்து பேய்ப்படம் பார்க்கும் இந்தப் பழக்கம் ஒரு வடையால் வந்தது. பல வருடங்களுக்கு முன், இதே நாளில், எலும்புக்கூட்டு உடுப்புப் போட்ட ஒரு பிள்ளை இனிப்புக் கேட்டு வந்து கதவைத் தட்டியது. வீட்டில் ஒரு சொக்கலேட்டும் இல்லை. வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் பருத்தித்துறை வடை இரண்டைக் கொடுத்தாள். தட்டையாய், மொறுமொறுவென்று, நல்ல உறைப்பாய்ப் பொரித்த வடை. எலும்புக்கூடு ஒரு கடி கடித்துவிட்டு கேற்றடியில் நின்று தண்ணீர் கேட்டு அழுதது. முதியோர் இல்லத்து ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த டொலறஸ் தன் போத்தல் தண்ணீரைக் கொடுத்து, கூட வந்த தாயையும் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, அப்படியென்ன வடை அது என்று பார்க்க உள்ளே வந்தாள். தொலைக்காட்சியில் ஏதோ பேய்ப்படம் போய்க்கொண்டிருந்தது. வடை முடிந்த பிறகும் இருவரும் எழும்பவில்லை.

அடுத்த வருடம் ஒக்டோபர் சனிக்கிழமைகள் எல்லாவற்றிலும் பேய்ப்படம் என்று தீர்மானித்தபோது ஒரு சிக்கல் வந்தது. ஒக்டோபரில் பாதி புரட்டாசி. புரட்டாசிச் சனிக்கு சிவரூபினி விரதம். காலையில் கோயிலுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றுவாள். அன்றைக்கு வீட்டில் மச்சம் கிடையாது, மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. காலையில் அப்படி இருந்துவிட்டுப் பின்னேரம் மனிதரை மனிதர் கடித்துத் தின்பதைப் பார்ப்பது சரியா? சனீஸ்வரனோடு யாராவது விளையாடுவார்களா? ஒரு வழியை டொலறஸ்தான் சொன்னாள். அவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள்; சனீஸ்வரனோடு அவளுக்குக் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாததால் நடுநிலையாக யோசிக்க முடிந்தது.

“இரத்தம் இல்லாத பேயும் இருக்குத்தானே ரூபியக்கா. சும்மா கதவைத் திறந்து சாத்துற பேய். அது சைவம். புரட்டாசி முடியுமட்டும் அதைப் பாப்பம்.”

அன்றிலிருந்து அப்படித்தான். புரட்டாசிச் சனிகளில் சைவப் பேய்: மாடியில் காலடிச் சத்தம், தானாக ஆடும் கதிரை, கண்ணாடியில் தெரியும் முகம். அதற்குக் கச்சான், கடலை வடை, முறுக்கு. ஐப்பசி பிறந்துவிட்டால் மச்சப் பேய்: கடிக்கும், கிழிக்கும், சுவரில் தெறிக்கும். அதற்கு மட்டன் றோல்ஸ், டொலறஸ் செய்து கொண்டுவரும் மீன் பற்றிஸ். ஒருமுறை சைவம் என்று நம்பித் தொடங்கிய படத்தில் திடீரென்று ஒருவனுடைய கை துண்டாகிப்போனது. டொலறஸ் உடனே நிறுத்திவிட்டாள். அவனுக்குப் பிறகு என்ன ஆனதென்று இரண்டு பேரும் ஐப்பசி வரைக்கும் பொறுத்திருந்துதான் பார்த்தார்கள்.

சிவரூபினியின் கணவர் பாலேந்திரா இந்தச் சனிக்கிழமைகளில் ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் தமையன் வீட்டுக்குப் போய்விடுவார். தனக்குப் பயமில்லை, சத்தம்தான் ஒத்துவருவதில்லை என்பார். போகும்போது பலகாரத்தில் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போவார்.

இந்த வருடம் ஒரு புதுமை நடந்தது. ஒக்டோபரின் முதல் சனிக்கிழமையே அஜந்தா வந்து நின்றாள்.

“நானும் இருந்து பாக்கிறன் அம்மா.”

சிவரூபினிக்கு நம்ப முடியவில்லை. அஜந்தா இருப்பது குரோய்டனில், கூப்பிடு தூரம். மனம் சோர்ந்துபோனவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அமைப்பில் வேலை. ஆனால் வீட்டுக்கு வருவது தீபாவளிக்கும் யாருடையவாவது பிறந்தநாளுக்கும்தான். வந்தாலும் ஜக்கெற்றைக் கழற்றமாட்டாள். பள்ளிக்கூட வயதில் ஒருநாள் சாத்திய அறைக்கதவை இவள் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை என்று தாய்க்குத் தோன்றும். அப்படிப்பட்டவள் வாரம் தவறாமல் வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காலை மடக்கிக்கொண்டு, தோளோடு தோள் உரச இருந்தாள். படத்தின் ஒரு பயங்கரமான இடத்தில் தாயின் கையைக்கூடப் பிடித்தாள். சிவரூபினி இரண்டு மடங்கு வடை சுட்டாள். தான் வேலை செய்யும் மருந்துக்கடையில், மருந்துப் பெட்டிகளை அடுக்கும்போது, தன்னையறியாமல் பாட்டு முணுமுணுத்தாள். சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்று பயந்தாள்.

வாசலில் மணி அடித்தது. படத்தை நிறுத்தினார்கள்.

“நான் போறன்,” என்று டொலறஸ் சொக்கலேட் கிண்ணத்தைத் தூக்கினாள். “நீங்கள் போனா திரும்பவும் வடையைக் குடுத்திடுவீங்கள்.”

சிவரூபினி அடுத்த தட்டு றோல்ஸைப் பொரிக்கக் குசினிக்குப் போனாள். அஜந்தா பின்னால் வந்து, குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

“அம்மா, ஒண்டு கேக்கவேணும்.”

“கேளன்.”

“நவம்பரில எங்கட அமைப்பு ஒரு கூட்டம் வைக்குது. ஹரோவில ஹோல் எடுத்திருக்கினம். எங்கட பெண்களும் பயமும் எண்டு. நீங்கள் வந்து ஒரு பத்து நிமிஷம் கதைக்கோணும்.”

“நானோ? என்னத்தைப் பற்றி? றோல்ஸ் பொரிக்கிறதைப் பற்றியோ?”

“பகிடி விடாதேங்கோ. நீங்கள் ஏன் பேய்ப்படம் பாக்கிறீங்கள் எண்டதைப் பற்றி.”

“விருப்பம். பாக்கிறன். பத்து நிமிஷத்துக்கு இது காணுமோ?”

அஜந்தா சிரிக்கவில்லை. “விருப்பம் மட்டும் இல்லையம்மா. நான் ஒரு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன். அந்தப் பெண் நிலவறைக்கு இறங்கேக்க உங்கட முகத்தை நீங்கள் பாத்திருக்கோணும். நீங்கள் பங்கருக்குள்ள இருந்தனீங்கள். குண்டு விழேக்க. அந்தப் பயத்தை உங்களால நிப்பாட்ட ஏலாமப் போச்சு. இப்ப நிப்பாட்டக்கூடிய ஒரு பயத்தை, ரிமோட்டைக் கையில வைச்சுக்கொண்டு பாக்கிறீங்கள். இதைக் கேட்டா எத்தனையோ பேருக்கு உதவியா இருக்கும்.”

எண்ணெயில் கிடந்த றோல்ஸை சிவரூபினி திருப்பிப்போட்டாள். மகள் நன்றாகத்தான் பேசினாள். எங்கேயும் ஒரு நூல் பிரிந்து தொங்கவில்லை. ஆனால் நடுவில் வந்த ஒரு சொல் மட்டும் முள்ளாய்க் குத்தியது. ஒரு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்.

“அதுக்கோ கிழமைக்குக் கிழமை வந்தனீ?”

அஜந்தா பொய் சொல்லிப் பழகாதவள். “அதுக்கும்தான்,” என்றாள். “அதுக்கு மட்டும் இல்லை.”

“பிறகு சொல்லுறன்,” என்றாள் சிவரூபினி. “தட்டை எடு. சூடு ஆறப்போகுது.”

முன்னறையில் டொலறஸ் கிண்ணத்தைத் துழாவி, பிள்ளைகளுக்குப் பிடிக்காத சொக்கலேட்டை எல்லாம் தன் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தாள். “ரெண்டு சூனியக்காரியளும் ஒரு பூசணிக்காயும் வந்திட்டுப் போகினம். பூசணிக்காய்க்குத் தடிமன்,” என்று அறிவித்தாள். படம் மறுபடி ஓடத் தொடங்கியது.

சிவரூபினியின் கண் திரையில் இருந்தது. மனம் தன்னைத்தானே தட்டித் தட்டிப் பார்த்தது. பங்கரா? அங்கே இருந்ததில் அவளுக்கு ஞாபகம் இருப்பது மடக்கிய முழங்காலின் உளைச்சலும், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பாடம் மேலே மேசையில் கிடக்கிறதே என்ற எரிச்சலும்தான். பயம் என்று சொன்னால் அவளுக்கு வேறொரு இடம் ஞாபகத்துக்கு வரும். குரோய்டனில், வெளிச்சம் நிறைந்த ஒரு பெரிய கட்டடம். மேசைக்கு அந்தப் பக்கம் அகதி விண்ணப்பத்தை விசாரிக்கும் ஓர் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்கிற ஒருவர். என்ன நடந்தது, எப்போது நடந்தது, எவ்வளவு பயந்தீர்கள் என்று கேட்டார்கள். அவள் ஒழுங்காக, விட்டுப்போகாமல், கேட்டவர்கள் நம்பும்படி தன் பயத்தை எடுத்துச் சொன்னாள். திரும்பவும் கேட்டார்கள்; திரும்பவும் சொன்னாள். பிறகு வழக்கறிஞருக்கு. பிறகு டொக்டருக்கு. பயத்தைச் சொல்லிச் சொல்லித்தான் இந்த நாட்டில் இருக்க ஓரிடம் கிடைத்தது. அதற்காக அவள் வருத்தப்படவில்லை. ஆனால் அந்தப் பயம் அதற்குப் பிறகு அவளுடையதாக இருக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் யாரோ ஒருவருடைய குரலில்தான் கேட்டது.

ஒருவேளை மகள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். மனம் யாரைக் கேட்டு வேலை செய்கிறது? பிள்ளை பெற்றவளின் மனமும் சரி, பத்துப் புத்தகம் படித்தவளின் மனமும் சரி, தன்பாட்டில்தான் போகிறது. சரியாக இருந்தால்தான் என்ன?

திரையில் அந்தப் பெண் மறுபடியும் நிலவறைக் கதவடிக்கு வந்துவிட்டாள். கையில் அதே டோர்ச். இந்தமுறை பூனை இல்லை என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ‘போகாத, பிள்ளை’ என்ற சொல் சிவரூபினியின் தொண்டை வரைக்கும் வந்தது. அப்போது கன்னத்தில் ஒரு பார்வை படுவதை உணர்ந்தாள். அஜந்தா திரையைப் பார்க்கவில்லை.

சொல் வெளியே வரவில்லை. தன் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று யோசித்தாள். கண் அகன்றிருக்கிறதா? வாய் திறந்திருக்கிறதா? மெதுவாக வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் யாருடைய எச்சரிக்கையும் இல்லாமல் ஒவ்வொரு படியாய் இறங்கினாள்.

தலையணைக்குப் பின்னாலிருந்து டொலறஸின் ஒரு கண் எட்டிப் பார்த்தது. “என்ன ரூபியக்கா? அவளுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?”

அப்போதுதான் சிவரூபினிக்குத் தெளிவாகப் புரிந்தது. அந்த மண்டபத்து மேடையில் ஏறிச் சொல்லிவிட்டால், இனி ஒவ்வொரு ஒக்டோபரிலும் இந்தச் சோபாவில் அந்த மண்டபமே வந்து உட்கார்ந்துவிடும். இந்த ஒன்றரை மணித்தியாலம் அவள் தப்பி வந்தவள் அல்ல, யாருக்கும் உதாரணம் அல்ல. எண்ணெய்க் கையோடு இருந்துகொண்டு, கேட்காத மனிதர்களுக்குப் புத்தி சொல்கிற ஒருத்தி. அவ்வளவுதான். அவர்கள் கேட்காமல் போய்ச் சாவார்கள். அவளுக்கு ஒன்றும் குறையாது. இதை ஏன் செய்கிறாய் என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. கேட்காததாலேயே அது அவளிடம் இருந்தது.

ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். அந்தப் பெண் கடைசிப் படியில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள்.

“பிள்ளை, அந்தக் கூட்டம். எனக்கு ஏலாது.”

“இப்பவே சொல்லோணும் எண்டில்லை அம்மா. யோசியுங்கோ.”

“யோசிச்சிட்டன்.”

“பேர் சொல்லாமலும் செய்யலாம். நீங்கள் வரக்கூடத் தேவையில்லை. ஒரு அம்மா இப்பிடி எண்டு நானே சொல்லுறன்.”

“அதுவும் வேண்டாம்.”

விஷயம் என்னவென்று தெரியாவிட்டாலும் அறையின் காற்று மாறியது டொலறஸுக்குத் தெரிந்தது. “என்ன கூட்டம்? என்னைக் கூப்பிடன் பிள்ளை. நான் வந்து கதைக்கிறன். பயத்தில தலையணைக்குள்ள இருக்கிறன், றோல்ஸ் ஆசையில எழும்பிப் போகாமல் இருக்கிறன் எண்டு சொல்லுறன்.”

அஜந்தா சிரித்தாள். சிரித்து முடிந்ததும் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோபாவின் கைப்பிடியில் அவளுடைய ஜக்கெற் கிடந்தது. அதை இப்போது எடுத்துப் போட்டுக்கொள்வாள் என்று சிவரூபினி நினைத்தாள். போட்டுக்கொண்டு போனால், அடுத்த புரட்டாசிக்கு வருவாளோ, தீபாவளிக்குத்தான் வருவாளோ, யாருக்குத் தெரியும்.

ஆனால் அஜந்தா ஜக்கெற்றைத் தொடவில்லை. குரலைத் தாழ்த்தி, சின்ன வயதில் இருட்டில் கதை கேட்கிறமாதிரிக் கேட்டாள்.

“சரி, கூட்டத்தை விடுங்கோ. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். எனக்கு மட்டும் சொல்லுங்கோ. ஏனம்மா பாக்கிறீங்கள்?”

இவளுக்குக் கொடுக்காத எது தன்னிடம் இருக்கிறது என்று சிவரூபினி எண்ணினாள். கேட்டால் சிறுநீரகத்தைக்கூடக் கொடுத்துவிட்டு வந்து சமைப்பாள். மகளின் முழங்காலில் கையை வைத்தாள். பிறகு தட்டில் கிடந்த சூடான றோல்ஸில் நன்றாகச் சிவந்ததாய் ஒன்றைத் தேடி எடுத்து, அவள் கையில் கொடுத்தாள்.

“வாற வருஷமும் வா,” என்றாள். “ஒக்டோபர் முதல் சனிக்கே வா. உனக்கு எண்டு வடை சுட்டு வைக்கிறன். இதை மட்டும் கேக்காத.”